மூன்றாவது ஸ்பெல்லில் குறைந்த வேகம்: ஒரு வேகப்பந்து வீச்சாளரின் மையத்தசைப் பயிற்சி

இந்த ஆய்வுக்கு உரியவர் 22 வயதான வலக்கை வேகப்பந்து வீச்சாளர். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. உடல்தகுதிப் பயிற்சியாளர் என்ற முறையில் 12 வாரங்கள் அவருடன் வேலை செய்தேன். அவர் கொண்டு வந்த குறைகள் இரண்டு. நாளின் முதல் இரண்டு ஸ்பெல்களிலும் (ஸ்பெல் என்பது ஒரு வீச்சாளர் ஓய்வுக்கு முன் தொடர்ந்து வீசும் ஓவர்களின் தொகுதி) இயல்பான வேகத்தில் வீசும் அவர், மூன்றாவது ஸ்பெல்லுக்கு வரும்போது வேகத்தை இழந்துவிடுகிறார் என்பது ஒன்று. நீண்ட நேரம் பந்து வீசிய மறுநாள் காலையில் முதுகின் இடப்பக்கத்தில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, மந்தமான வலி வருகிறது என்பது மற்றொன்று.

முதல் சந்திப்பில், வயிறு, முதுகு, இடுப்பு ஆகியவற்றைச் சுற்றியுள்ள மையத்தசைகளை (கோர்) சோதிக்க வேண்டும் என்று சொன்னபோது அவர் உடனே மறுத்தார். "கோர்ல எனக்கு ஒண்ணும் பிரச்சினை இருக்காது சார். நாலு நிமிஷம் பிளாங்க் நிப்பேன்" என்றார். முழங்கைகளையும் கால்விரல்களையும் தரையில் ஊன்றி உடலை நேர்க்கோட்டில் பிடிக்கும் பயிற்சிதான் பிளாங்க். அன்றே நின்றும் காட்டினார். நான்கு நிமிடம் கடந்தும் முழங்கை நடுங்கவில்லை. தினமும் நூறு சிட்-அப் எடுக்கும் பழக்கமும் அவருக்கு இருந்தது. மையத்தசைப் பயிற்சி என்று பெரும்பாலான வீரர்கள் எதை நினைக்கிறார்களோ அதை அவர் குறைவின்றிச் செய்துவந்தார். அப்படியிருந்தும் மூன்றாவது ஸ்பெல்லில் அவர் உடல் கைவிட்டது ஏன் என்ற கேள்விதான் இந்த நிகழ்வைப் பதிவு செய்யத் தூண்டியது.

எலும்பை முதலில் பார்க்க வேண்டும்

வலக்கை வேகப்பந்து வீச்சாளருக்கு இடப்பக்க முதுகில் வலி என்றால், எந்தப் பயிற்சியையும் தொடங்கும் முன் எலும்பில் அழுத்தக் காயம் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். பந்து வீச்சாளர்களுக்குக் கீழ்முதுகு முள்ளெலும்பில் ஏற்படும் அழுத்த முறிவு பெரும்பாலும் பந்து வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில்தான் வருகிறது. முன்கால் தரையில் ஊன்றும் கணத்தில் உடல் அந்தப் பக்கமாகச் சாய்ந்து, பின்னுக்கு வளைந்து, கூடவே திருகவும் செய்வதால் முள்ளெலும்பின் பின்புற வளைவில் சுமை குவிகிறது. அத்தகைய காயத்தைத் தசை வலி என்று எண்ணிப் பயிற்சியால் சரிசெய்ய முயல்வது அந்த வீரரின் பல மாதங்களைப் பறித்துவிடும். எனவே விளையாட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். எம்ஆர்ஐ ஸ்கேனில் எலும்பில் காயத்தின் அறிகுறி இல்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகே என் வேலை தொடங்கியது.

வயிறு மட்டும் மையம் அன்று

மையத்தசை என்றதும் வயிற்றின் முன்புறத் தசைக் கட்டுகளே நினைவுக்கு வருகின்றன. உண்மையில் அது நாற்புறமும் சுவர் கொண்ட ஓர் அறையைப் போன்றது. மேலே உதரவிதானம், கீழே இடுப்புத் தளத் தசைகள், முன்னே வயிற்றுத் தசைகள், பக்கங்களில் சாய்வுத் தசைகள், பின்னே முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும் நீண்ட முதுகுத் தசைகளும் இருக்கின்றன. இவற்றோடு பிட்டத் தசைகளையும் இடுப்பு மூட்டைச் சுற்றியுள்ள தசைகளையும் நான் சேர்த்தே எண்ணுகிறேன். காலிலிருந்து வரும் விசை இடுப்பைக் கடக்காமல் முதுகுக்குப் போய்ச் சேர வழியில்லை.

இந்தத் தசைகள் இல்லாவிட்டால் முதுகுத்தண்டு எவ்வளவு பலவீனமானது என்பதைப் பலர் அறிவதில்லை. தசைகளை நீக்கி, எலும்பும் இணைப்பு நார்களும் மட்டும் உள்ள கீழ்முதுகை ஆய்வகத்தில் சோதித்தபோது, சுமார் 90 நியூட்டன் சுமையிலேயே, அதாவது ஏறக்குறைய 9 கிலோ எடையிலேயே, அது வளைந்து நிலை குலைந்தது. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் ஊன்றும் கணத்தில் தரையிலிருந்து எழும் எதிர்விசையோ அவர் உடல் எடையைப் போல ஆறு மடங்கு வரை, சிலரிடம் அதற்கும் மேலாகப் போகிறது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள மலைபோன்ற இடைவெளியை அடைப்பவை தசைகளும் அவற்றை நேரம் தவறாமல் இயக்கும் நரம்பு மண்டலமும்தான். எலும்பும் நாரும், தசை, நரம்புக் கட்டுப்பாடு ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கியே முதுகுத்தண்டை நிலைநிறுத்துகின்றன என்று முதுகுத்தண்டு ஆய்வாளர் மனோகர் பஞ்சாபி 1992-ல் விளக்கியது இதைத்தான்.

நேரம் தவறாமல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. 1996-ல் ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஆரோக்கியமானவர் கையை வேகமாகத் தூக்கும்போது, தோள் தசை இயங்குவதற்கு முன்பே வயிற்றின் ஆழத்தில் உள்ள குறுக்குத் தசை இறுகுவது பதிவானது. கீழ்முதுகு வலி உள்ளவர்களிடம் அந்த இறுக்கம் தாமதமாக வந்தது. இந்தக் கண்டுபிடிப்பு பிற்காலத்தில் 'தொப்புளை உள்ளே இழுத்துப் பிடி' என்ற ஒற்றை அறிவுரையாகச் சுருங்கிப் பயிற்சிக் கூடங்களில் பரவியது வருத்தத்துக்குரியது. ஒரு தசையை மட்டும் பிரித்து இறுக்குவதால் அறையின் ஒரு சுவர்தான் உறுதிப்படும். யாரோ வயிற்றில் குத்த வருவதாக நினைத்து நாற்புறமும் ஒருசேர இறுக்கிக்கொள்ளும் முறையையே நான் கற்றுத் தருகிறேன்.

விளையாட்டுத் திறனுக்கு இதில் என்ன பங்கு என்றால், விளையாட்டு மருத்துவர் கிப்ளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006-ல் கொடுத்த வரையறை இன்றும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது: இடுப்பின் மேல் உடற்பகுதியின் நிலையையும் அசைவையும் கட்டுப்படுத்தி, விசை உருவாகவும், கடத்தப்படவும், கை கால்களின் நுனியில் கட்டுப்பாட்டோடு வெளிப்படவும் வழி செய்யும் திறனே மைய நிலைத்தன்மை. டென்னிஸ் சர்வ் பற்றிய கிப்ளரின் கணக்கில், மொத்த இயக்க ஆற்றலில் சுமார் 51 சதவீதம் கால், இடுப்பு, உடற்பகுதி ஆகியவற்றிலிருந்தே பிறக்கிறது. கையும் தோளும் செய்வது அதன் பிறகான வேலை. பந்து வீச்சிலும் ஓட்டத்தில் சேர்த்த வேகம் முன்காலில் தடுக்கப்பட்டு, உடற்பகுதி வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. நடுவில் இருப்பது தொய்ந்து கொடுத்தால், காலில் பிறந்த விசையின் ஒரு பகுதி கையை அடையாமலே போகிறது. அந்தக் குறையைத் தோளைக் கொண்டு ஈடுகட்ட வீரர் முயல்கிறார். களைப்பு ஏற ஏற அதுவும் முடியாமல் போகிறது.

சோதனையில் தெரிந்தது

முதுகுத்தண்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில்லும் அவருடைய குழுவினரும் 1999-ல் வெளியிட்ட தாங்குதிறன் சோதனைகளை இங்கே பயன்படுத்தினேன். ஆரோக்கியமான இளம் ஆண்களிடம் அவர்கள் கண்ட சராசரிகள்: முதுகை நீட்டிப் பிடிக்கும் சோதனையில் 146 நொடி, முன்புற வயிற்றுத் தசைச் சோதனையில் 144 நொடி, ஒரு முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டில் உடலை நேராகப் பிடிக்கும் சைட் பிளாங்கில் வலப்பக்கம் 94 நொடி, இடப்பக்கம் 97 நொடி. தனித்தனி எண்களைவிட அவற்றுக்கு இடையே உள்ள விகிதங்களே முக்கியம் என்பது மெக்கில்லின் கருத்து. முன்புறத் தசை பின்புறத் தசையை மிஞ்சக் கூடாது. இரு பக்கங்களுக்கும் இடையே 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் அதைக் கவனிக்க வேண்டும்.

நம் வீரரின் முன்புறத் தசைகள் எதிர்பார்த்தபடியே சராசரியை வெகுதூரம் தாண்டின. முதுகை நீட்டிப் பிடிக்கும் சோதனையில் 118 நொடியில் இறங்கிவிட்டார். சைட் பிளாங்கில் வலப்பக்கம் 91 நொடி நின்றவர் இடப்பக்கம் 58 நொடி மட்டுமே தாக்குப்பிடித்தார்.

அந்த 58 நொடியை நெருக்கமாகப் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் இருபது நொடிகள் தோள், இடுப்பு, கணுக்கால் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தன. பிறகு இடுப்பு தரையை நோக்கி இறங்கவில்லை; மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்தது. மேலே இருக்க வேண்டிய வலத் தோள் முன்பக்கமாகச் சரிந்து, மார்பு தரையைப் பார்க்கத் தொடங்கியது. அதாவது, பக்கவாட்டுத் தசைகளால் தாங்க முடியாத சுமையை, நன்கு பழகிய முன்புறத் தசைகளிடம் ஒப்படைக்க உடல் தானாகவே திரும்பிக்கொண்டது. நாற்பதாவது நொடியில் மூச்சை அடக்கிக்கொண்டார். உரக்க எண்ணச் சொன்னேன். நான்கு எண்ணுக்குள் இடுப்பு கீழே வந்துவிட்டது. மூச்சை அடக்கினால்தான் உடலைப் பிடிக்க முடிகிறது என்பது, 25 மீட்டர் ஓடி வந்து மூச்சு வாங்கியபடியே பந்தை விடும் ஒருவருக்குப் பெரிய குறை.

ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழும் சோதனையில் இடக்காலின் மேல் நிற்கும்போது இடுப்பு ஒருபக்கம் சரிந்தது. இடது இடுப்பு மூட்டின் உள்நோக்கிய சுழற்சியும் வலப்பக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. இடுப்பு மூட்டு திரும்பாத இடத்தில் கீழ்முதுகு திரும்ப முயலும். ஆனால் கீழ்முதுகின் ஒவ்வொரு இணைப்பும் ஓரிரு டிகிரிக்கு மேல் திரும்பும்படி அமைந்ததன்று. பக்கவாட்டில் தாங்கிப் பிடிக்க வேண்டிய இடப்பக்கமே வலுக் குறைந்து, அதற்குக் கீழுள்ள மூட்டும் இறுகியிருக்கும் நிலையில், வலி ஏன் அங்கே வந்தது என்பதை ஊகிப்பது கடினமாக இல்லை. நான்கு நிமிட பிளாங்க் இவற்றில் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

பன்னிரண்டு வாரங்கள்

முதலில் நிறுத்தியது அந்த நூறு சிட்-அப்களை. முழங்காலை மடித்துச் செய்தாலும் ஒரு சிட்-அப்பின்போது கீழ்முதுகின் மேல் விழும் அழுத்தம் 3000 நியூட்டனைத் தாண்டுவதாக மெக்கில்லின் ஆய்வகம் அளந்திருக்கிறது. பந்து வீசும்போது ஏற்கெனவே பெருஞ்சுமையைத் தாங்கும் முதுகுக்கு, தினமும் இன்னொரு நூறு முறை அதே வகைச் சுமையைக் கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அவர் மிகவும் தயங்கினார். பதினாறு வயதிலிருந்து செய்துவரும் ஒன்றை விடச் சொல்வது எளிதல்ல. ஒரு மாதம் நிறுத்திப் பார்ப்போம் என்ற உடன்பாட்டுக்குப் பிறகே சம்மதித்தார்.

முதல் மூன்று வாரம் கர்ல்-அப் (மல்லாந்து படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் சற்றே உயர்த்துவது), சைட் பிளாங்க், பேர்ட் டாக் (கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது) ஆகிய மூன்றும்தான் அடிப்படை. நீண்ட நேரம் பிடிக்காமல், ஒவ்வொரு முறையும் 10 நொடி பிடித்து இறக்க வேண்டும். முதல் சுற்றில் ஆறு முறை, அடுத்ததில் நான்கு, அதற்கடுத்து இரண்டு. களைப்பில் வடிவம் கெடும் முன்பே நிறுத்துவதற்காகவே இந்த இறங்குமுக எண்ணிக்கை. இடப்பக்கத்துக்கு ஒரு சுற்று கூடுதலாகக் கொடுத்தேன். எல்லாப் பயிற்சியிலும் உரக்க எண்ணுவது கட்டாயம். கூடவே இடது இடுப்பு மூட்டின் சுழற்சிக்கான அசைவுப் பயிற்சிகளும் நடந்தன.

நான்காவது வாரத்திலிருந்து படுத்துச் செய்யும் பயிற்சிகளைக் குறைத்து, நின்று செய்பவற்றைக் கூட்டினோம். கைப்பிடி கொண்ட எடைக்குண்டான கெட்டில்பெல்லை ஒரு கையில் மட்டும் தூக்கிக்கொண்டு உடல் சாயாமல் நடப்பது, பக்கவாட்டிலிருந்து இழுக்கும் கேபிளை மார்புக்கு முன் நீட்டிப் பிடித்துத் திரும்பாமல் நிற்பது, ஒரு காலில் நின்று இடுப்பிலிருந்து குனிந்து எடையைத் தூக்கும் ஒற்றைக்கால் டெட்லிஃப்ட், ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்பிளிட் ஸ்குவாட் ஆகியவை இந்தக் கட்டத்தின் முக்கியப் பயிற்சிகள். இவற்றில் உடற்பகுதியின் வேலை அசைவது அன்று. அசைக்க வரும் விசையை எதிர்த்து நிற்பது. விளையாட்டில் மையத்தசைகள் பெரும்பாலான நேரம் செய்வதும் அதுவே.

ஆறாவது வாரத்தில் ஒரு சறுக்கல் நேர்ந்தது. அதற்கான பொறுப்பு என்னுடையது. சைட் பிளாங்கில் அவர் முன்னேறிய வேகத்தைப் பார்த்து, திட்டமிட்டதைவிட இரண்டு வாரம் முன்னதாகவே மெடிசின் பால் எனப்படும் கனமான பந்தைச் சுழற்றிச் சுவரில் எறியும் பயிற்சியைச் சேர்த்துவிட்டேன். அதே வார இறுதியில் ஒரு போட்டியில், அவருக்கு வகுத்திருந்த அளவைக் காட்டிலும் அதிகமான ஓவர்களை வீச வேண்டியதாயிற்று. இரண்டும் சேர்ந்து பழைய வலியை மீண்டும் கொண்டு வந்தன. சுழற்சிப் பயிற்சியை உடனே விலக்கிக்கொண்டோம். பந்து வீச்சை ஐந்து நாள் நிறுத்தி, பிறகு பாதி ஓட்டத்தில் தொடங்கினோம். வலி ஒரு வாரத்தில் அடங்கியது. அதன் பிறகு ஜிம்மில் எடுக்கும் சுழற்சிப் பயிற்சியையும் நெட்ஸில் வீசும் பந்துகளையும் ஒரே நோட்டில், ஒரே சுமையாகக் கணக்கெழுத ஆரம்பித்தோம். முதுகுக்கு இரண்டும் வேறு வேறல்ல என்பதை நான் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

ஒன்பதாவது வாரத்தில் மெடிசின் பால் திரும்பி வந்தது. இம்முறை எறிவதற்கு முன் இடக்காலை ஊன்றி, இறுகி நின்று, ஒரு கணம் பொறுத்த பிறகே எறிய வேண்டும் என்று விதித்தேன். வாரம் செல்லச் செல்ல அந்தப் பொறுமையின் நேரத்தைக் குறைத்தோம். கடைசி இரண்டு வாரங்களில் ஊன்றுவதும் எறிவதும் இடைவெளியின்றி ஒன்றாயின.

விளைவு

பன்னிரண்டாவது வார முடிவில் சைட் பிளாங்க் வலப்பக்கம் 98 நொடி, இடப்பக்கம் 89 நொடி. முதுகை நீட்டிப் பிடிக்கும் சோதனையில் 151 நொடி. தொடக்கத்தில் வேகத்தை அளந்த அதே ரேடார் கருவியைக் கொண்டு அளந்தபோது அவருடைய அதிகபட்ச வேகத்தில் மாற்றம் ஏதும் இல்லை. இதை வெளிப்படையாகச் சொல்லக் காரணம், மையத்தசைப் பயிற்சியை வேகம் கூட்டும் மருந்தாக விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள். மாறியது வேறொன்று. முதல் ஸ்பெல்லின் சராசரிக்கும் மூன்றாவது ஸ்பெல்லின் சராசரிக்கும் இடையே முன்பு மணிக்கு 6 கிலோமீட்டர் வீழ்ச்சி இருந்தது. இப்போது அது 3 கிலோமீட்டராகக் குறைந்தது. காணொளியில் பார்த்தால், களைத்த நிலையில் முன்கால் ஊன்றும்போது உடல் இடப்பக்கம் சரியும் அளவு கண்ணுக்கே தெரியும்படி குறைந்திருந்தது. மறுநாள் காலை வலி, சறுக்கலுக்குப் பிந்தைய வாரங்களில் வரவில்லை.

இந்த முன்னேற்றம் முழுவதையும் மையத்தசைப் பயிற்சியின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. அதே 12 வாரங்களில் கால் வலிமைப் பயிற்சியும் நடந்தது, இடுப்பு மூட்டின் அசைவும் கூடியது, வீசும் பந்துகளின் எண்ணிக்கை முதன்முறையாக ஒழுங்குக்குள் வந்தது. ஒரே ஒரு வீரரை வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது. எனினும் முன்னேற்றத்தின் வடிவத்தைக் கவனிக்கலாம். புத்துணர்ச்சியோடு இருக்கும்போது வேகம் கூடவில்லை. களைக்கும்போது குறைவது குறைந்தது. தாங்குதிறன் வளர்ந்த தசை அறையிடம் எதிர்பார்க்கக்கூடிய விளைவு இத்தகையதுதான்.

பிற ஆய்வுகளோடு பொருத்திப் பார்த்தால்

ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் செல்லவில்லை. 2004-ல் ஸ்டான்டன் குழுவினர் இளம் விளையாட்டு வீரர்களுக்கு காற்றடைத்த பெரிய சுவிஸ் பந்தின் மேல் ஆறு வாரம் பயிற்சி அளித்தபோது மைய நிலைத்தன்மை மேம்பட்டது. ஓட்டச் சிக்கனத்தில், அதாவது ஒரே வேகத்தில் ஓட உடல் செலவிடும் ஆற்றலில், மாற்றம் இல்லை. 2005-ல் கல்லூரிப் படகோட்டிகளுக்கு எட்டு வாரம் அளித்த தாங்குதிறன் பயிற்சியிலும் அதே கதைதான்: பக்கவாட்டுத் தாங்குதிறன் கூடியது, படகோட்டும் நேரம் குறையவில்லை. மறுபுறம், 2009-ல் சாட்டோ, மோகா இருவரும் நடத்திய ஆறு வார ஆய்வில் 5000 மீட்டர் ஓட்ட நேரம் மேம்பட்டது. 2011-ல் ஹேண்ட்பால் வீராங்கனைகளுக்குத் தொங்கு கயிற்றில் ஆறு வாரம் பயிற்சி கொடுத்தபோது எறியும் வேகம் 4.9 சதவீதம் கூடியது. 2015-ல் இளம் நீச்சல் வீரர்கள் 12 வாரப் பயிற்சிக்குப் பின் 50 மீட்டர் தூரத்தை சுமார் 2 சதவீதம் விரைவாகக் கடந்தனர். பல ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வெளியான பிரீஸ்கே குழுவினரின் ஆய்வோ, விளையாட்டுத் திறனில் உடற்பகுதித் தசை வலிமையின் பங்கு சிறியது என்றே முடித்தது.

முரணாகத் தோன்றும் இந்த முடிவுகளில் எனக்கு ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஹேண்ட்பால் எறிதலும் நீச்சலும் உறுதியான தரையை ஊன்றுகோலாகக் கொள்ளாமல், அல்லது ஒரு காலை மட்டும் ஊன்றி, உடற்பகுதியின் வழியே விசையைக் கடத்தும் செயல்கள். அங்கே நடுவில் உள்ள இணைப்பின் உறுதி முடிவைப் பாதிக்கிறது. ஹேண்ட்பால் ஆய்வின் பயிற்சியும் எறிதலின் தேவைக்கு நெருக்கமாக நிலையற்ற கயிற்றில், சுழற்சியோடு அமைந்திருந்தது. ஏற்கெனவே போதுமான உறுதி உள்ளவரிடம், விளையாட்டோடு தொடர்பில்லாத அசைவில் மேலும் உறுதியைச் சேர்ப்பது சோதனை எண்ணை மட்டுமே உயர்த்தும். நம் வீரரின் நான்கு நிமிட பிளாங்கும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். எனவே யாருக்கு, எந்தத் திசையில், எந்த அளவுக்குக் குறை இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு குழு முழுவதற்கும் ஒரே பயிற்சியைக் கொடுத்து சராசரியை அளப்பது, உண்மையில் பயன்பெறுபவரை மறைத்துவிடக்கூடும் என்று கருதுகிறேன்.

காயத்தைப் பொறுத்தவரை சான்று இன்னும் சற்று வலுவாக இருக்கிறது. 2007-ல் சசுலக் குழுவினர் 277 கல்லூரி விளையாட்டு வீரர்களை மூன்று ஆண்டுகள் கண்காணித்தபோது, திடீரென விடுவிக்கப்பட்ட விசைக்குப் பின் உடற்பகுதி அதிகம் அசைந்த வீராங்கனைகளுக்கு முழங்கால் காயம் வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. நடுவில் உள்ள தளர்ச்சி, அதற்கு வெகு கீழே உள்ள மூட்டில் வெளிப்படுகிறது.

இப்போதைய நிலை

போட்டிக் காலத்தில் வாரம் இரு முறை, 15 நிமிட அளவில் இந்தப் பயிற்சியை அவர் தொடர்கிறார். எப்போதும் இடப்பக்கத்திலிருந்தே தொடங்குகிறார். இரு பக்கங்களுக்கும் இடையே இன்னும் 9 சதவீத வேறுபாடு இருக்கிறது. இடது இடுப்பு மூட்டின் உள்சுழற்சி முன்னேறியிருந்தாலும் வலப்பக்கத்தை எட்டவில்லை. ஆறு வாரங்களுக்கு ஒரு முறை அதே சோதனைகளை, அதே வரிசையில், பந்து வீசாத நாளில் எடுக்கிறோம். அடுத்த சோதனையில் புதிதாக ஒன்றைச் சேர்க்கப் போகிறோம்: பத்து ஓவர் வீசி முடித்த உடனேயே, மூச்சு வாங்கும் நிலையில், இடப்பக்க சைட் பிளாங்க்.